ஆலை மூடிய காட்டில் அடுத்தது என்ன? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மெய்ன் மாநிலம். நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காடு, சுமார் 1.75 கோடி ஏக்கர். நூறாண்டுக்கும் மேலாக அந்தக் காட்டுக்குச் சோறு போட்டவை காகித ஆலைகள். அவை வரிசையாக மூடப்பட்ட கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். மரத்தை வைத்து வேறு என்னென்ன செய்ய முடியும், அவற்றில் எதை நம்பி முதல் போடலாம் என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: காகித ஆலை மூடினால் ஆலைத் தொழிலாளிக்கு நஷ்டம், புரிகிறது. காட்டுக்காரருக்கும் அறுவை மில்காரருக்கும் ஏன் அடி விழுகிறது? அவர்கள் விற்பது பலகை மரம்தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: காட்டில் கோடரி போட்டால் நல்ல மரம் மட்டும் வராது. நேராக, பருமனாக வளர்ந்த அடிப்பகுதி அறுவை மில்லுக்குப் போகும். கோணல், பொந்து, மெல்லியது, நுனி எல்லாம் கூழ்மரம், அதாவது காகிதக் கூழுக்குப் போகும் மரம். பல இடங்களில் வெட்டின் எடையில் பாதிக்கு மேல் இந்த இரண்டாம் தரம்தான். அதை வாங்க ஆள் இருந்தால்தான் வெட்டுக்கூலியும் லாரி வாடகையும் கட்டுப்படியாகும். ஆள் இல்லாவிட்டால், நல்ல மரத்துக்குக் கிடைக்கும் விலை முழுவதையும் மட்டமான மரத்தை அப்புறப்படுத்தும் செலவு தின்றுவிடும். பிறகு காட்டுக்காரர் நல்ல மரத்தை மட்டும் பொறுக்கி வெட்டி, மட்டத்தை நின்றபடி விட்டுவிடுவார். இரண்டு தலைமுறை இப்படி நடந்தால் காடே மட்டமாகிவிடும்.

அறுவை மில்லின் நிலையும் இதே. ஒரு கட்டையை அறுத்தால் ஏறத்தாழ பாதிதான் பலகை. மீதி சில்லு, மரத்தூள், பட்டை. சில்லைக் கூழ் ஆலை வாங்கியது. அந்த வருமானம் போனதோடு, குவியும் சில்லை என்ன செய்வது என்ற தலைவலியும் சேர்ந்துகொள்கிறது.

ஜே என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். 2020 ஏப்ரல் 15 அன்று அங்கிருந்த ஆலையில் மரச்சில்லை வேகவைக்கும் டைஜெஸ்டர் வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. காகித இயந்திரங்களும் ஓடின, வெளியில் வாங்கிய கூழை வைத்து. ஆனால் காட்டிலிருந்து மரம் வாங்குவது அன்றே விழுந்துவிட்டது. ஆலை 2023இல்தான் மூடியது. மரம் வெட்டுவோருக்கு அது மூன்றாண்டு முன்பே மூடிய மாதிரிதான்.

எனவே எந்தப் புதுத் தொழில்நுட்பம் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, அது எந்தத் தர மரத்தைத் தின்னும், எத்தனை டன் தின்னும் என்பதைத்தான். பொருள் எவ்வளவு புதுமை என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: அப்படியானால் ஒரு திட்டத்தை மதிப்பிடும் வரிசை என்ன? காட்டில் மரம் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?
– வனவியல் மாணவி, மேட்டுப்பாளையம்

பதில்: ‘காட்டில் மரம் இருக்கிறது’ என்பதும் ‘ஆலை வாசலுக்கு மரம் வரும்’ என்பதும் வேறு வேறு. கணக்கை வாசலில் தொடங்கி வெளியே போக வேண்டும்.

ஓர் ஆலைக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டன் பச்சை மரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு அரை டன் மட்ட மரம் வளர்ச்சிக்குக் குந்தகமில்லாமல் எடுக்கலாம் என்றால் 6 லட்சம் ஹெக்டேர் தேவை. வட்டமாகப் போட்டால் ஆரம் சுமார் 44 கிலோமீட்டர். அழகான கணக்கு. ஆனால் அந்த வட்டத்துக்குள் ஏரி, ஆற்றங்கரைப் பாதுகாப்பு, செங்குத்துச் சரிவு, பிற ஆலைகளின் வாடிக்கைக் காடு, விற்க மனமில்லாத உரிமையாளர் எல்லாரும் இருக்கிறார்கள். நூற்றுக்கு நாற்பது பங்குதான் கிடைக்கும் என்றால் 15 லட்சம் ஹெக்டேர் வேண்டும். ஆரம் 69 கிலோமீட்டர். சாலை நேர்கோட்டில் போகாது, அதை 1.3ஆல் பெருக்குங்கள். எல்லைக் கட்டை 90 கிலோமீட்டர் பயணம் செய்து வருகிறது. டீசல் செலவு இங்கே ஒளிந்திருக்கிறது.

வளர்ச்சி எண்ணை ஊகித்துப் போடக் கூடாது. அமெரிக்க வனத்துறை சுமார் 6,000 ஏக்கருக்கு ஒன்று வீதம் நிலையான அளவைத் திட்டுகள் வைத்து, கிழக்கு மாநிலங்களில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மறு அளவை எடுக்கிறது. மாநில அளவில் நம்பகமான எண் அது. 40 கிலோமீட்டர் வட்டத்துக்குச் சுருக்கினால் திட்டுகள் குறைந்து பிழை பெருகும். வட்டத்தைச் சுருக்கச் சுருக்க, களத்தில் இறங்கிச் சொந்தமாக அளந்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஈரம். பச்சைக் கட்டையில் எடையில் பாதி தண்ணீர். 30 டன் லாரியில் 15 டன் தண்ணீர் வருகிறது என்று பொருள். திட்ட அறிக்கையில் ‘டன்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பச்சை டன்னா உலர் டன்னா என்று கேளுங்கள். விலைக் கணக்கு இரட்டிப்பாகத் தவறுவது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லால்தான்.

பிறகு பருவம். மெய்னில் பனி உருகும் மார்ச் முதல் மே வரை காட்டுச் சாலைகள் சேறு. கனரக லாரி ஏறினால் சாலையே போய்விடும், எனவே தடை. அந்த வாரங்களுக்கான மரத்தைக் குளிர்காலத்திலேயே யார்டில் அடுக்கி வைக்க வேண்டும். ஆறு வார இருப்பு என்றால் மேற்சொன்ன ஆலைக்குச் சுமார் 35,000 டன். அதில் முடங்கும் பணத்துக்கு வட்டி, யார்டு இடம், கோடையில் கட்டை காய்ந்து பூசணம் பிடிப்பது எல்லாம் செலவுப் பட்டியலில் வர வேண்டும். நாள் ஒன்றுக்கு 40 லாரி, ஆண்டுக்கு 250 நாள். அத்தனை ஓட்டுநர்கள் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்களா? ஆலை மூடி ஐந்தாண்டு ஆன ஊரில் வெட்டும் இயந்திரத்தை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள். மரம் இருந்தும் வெட்ட ஆளில்லை என்பது மெய்னில் நடக்காத கதை அல்ல.

இதெல்லாம் தேறிய பிறகுதான் தொழில்நுட்பத்தின் முதிர்ச்சி, சந்தை, முதலீடு.

கேள்வி: குறுக்கடுக்குப் பலகையில் பதினெட்டு மாடி கட்டுகிறார்களாமே! மெய்ன் அதைச் செய்தால் போதாதா? தீப்பிடிக்காதா?
– கட்டடப் பொறியாளர், சென்னை

பதில்: சி.எல்.டி. என்று அழைக்கப்படும் இந்தப் பலகை 1990களில் ஆஸ்திரியா, ஜெர்மனி வட்டாரத்தில் உருவானது. மரச் சட்டங்களை அடுக்கடுக்காக, ஒன்றுக்கு ஒன்று குறுக்காகப் போட்டு ஒட்டுவார்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை அடுக்குகள். நார்வேயின் பிரூமுண்டால் ஊரில் 2019இல் முடிந்த 18 மாடி மரக் கட்டடத்தின் உயரம் 85.4 மீட்டர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2022இல் எழுந்த 25 மாடிக் கட்டடம் அதைக் கொஞ்சம் தாண்டியது. நார்வேக் கட்டடத்தில் பளுவை முக்கியமாகத் தாங்குவது, சட்டங்களை ஒரே திசையில் அடுக்கி ஒட்டிச் செய்த தூண்களும் உத்திரங்களும். குறுக்கடுக்குப் பலகை துணை வேலைதான் செய்கிறது.

செய்முறையில் கறார் அதிகம். சட்டத்தின் ஈரம் 12 சதவீதம், ஏற்ற இறக்கம் 3 சதவீதத்துக்குள். இழைப்புளி போட்ட முகத்தை 48 மணி நேரத்துக்குள் ஒட்ட வேண்டும். தாமதித்தால் முகம் மங்கிப் பசை ஊறாது. ஈரம் மாறுபட்ட சட்டங்கள் ஒரே அடுக்கில் கலந்தால், பலகையை அழுத்தி ஒட்டும் பிரஸ்ஸில் நன்றாகத்தான் இருக்கும். கட்டடத்தில் ஒரு குளிர்காலம் கழிந்ததும் வாய் பிளக்கும்.

தீ பற்றிச் சரியாகக் கேட்டீர்கள். ஊசியிலை மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் கரியாகும். ஒரு மணி நேரத்தில் 39 மில்லிமீட்டர். மேலே படியும் கரியே உள்ளே இருக்கும் மரத்துக்குப் போர்வை. சிக்கல் பசையில். சூட்டில் பசை இளகினால் கரிந்த அடுக்கு மொத்தமாகக் கழன்று விழுந்து, புது மரம் தீக்கு முகம் காட்டும். அணையப் போன தீ மீண்டும் எழும். அதனால்தான் வட அமெரிக்கத் தர விதியின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, சூடு தாங்கும் பசைக்கென்று கடுமையான சோதனையைச் சேர்த்தது. இன்னொன்றும் உண்டு. மூன்றடுக்குப் பலகையில் அடி அடுக்கு எரிந்துபோனால் அடுத்தது குறுக்கு அடுக்கு. அது அந்தத் திசையில் பளு தாங்காது. தீக்கணக்கு இருக்கும் இடத்தில் ஐந்தடுக்குக்குக் கீழே போகாதீர்கள்.

மெய்னுக்கு வருவோம். ஒரு கனமீட்டர் சி.எல்.டி.க்கு இரண்டிலிருந்து இரண்டரை கனமீட்டர் கட்டை வேண்டும், அதுவும் அறுப்புத்தரக் கட்டை. நாம் தேடுவது மட்ட மரத்துக்கு வாய். சி.எல்.டி. ஆலை அந்த வாயாக இருக்காது. மாறாக இன்னும் கொஞ்சம் சில்லையும் தூளையும் பெற்றுப் போடும். 2018இல் இரண்டு நிறுவனங்கள் மெய்னில் சி.எல்.டி. ஆலை அமைப்பதாக அறிவித்தன. இரண்டும் எழவில்லை. பலகை நல்ல பொருள்தான். ஆனால் வாங்கும் கட்டடக்காரர் வரிசை கட்டி நிற்பதற்கு முன் ஆலையைக் கட்டினால் பிரஸ் சும்மா கிடக்கும். பிரஸ்ஸுக்கு வாங்கிய கடன் சும்மா கிடக்காது.

கேள்வி: நானோ செல்லுலோஸ் எஃகை விட வலிமையானது என்று படித்தேன். அதை ஏன் பெரிய அளவில் செய்யவில்லை?
– பாலிடெக்னிக் மாணவர், சிவகாசி

பதில்: மர நாரை மிக மெல்லிய இழைகளாகப் பிரித்ததுதான் நானோ செல்லுலோஸ். தனி இழையின் வலிமையை அதே எடை எஃகோடு ஒப்பிட்டால் அது உண்மை. இழையைப் பொருளாக்கும் வழியில்தான் முட்டுக்கட்டை.

வெளுத்த கூழைத் தண்ணீரில் கரைத்து, அரைக்கும் தட்டுகளின் வழியே திரும்பத் திரும்பச் செலுத்தினால் நார் பிரிந்து பிரிந்து மயிரிழையினும் மெல்லியதாகும். கிடைப்பது இட்லி மாவு போல் இருக்காது. ஜெல்லி போல் இருக்கும். திடப்பொருள் 3 சதவீதம்தான். ஒரு டன் உலர் நார் அனுப்ப 33 டன் கூழ்மம் ஏற்ற வேண்டும். காயவைத்து அனுப்பலாமே என்றால், காயும்போது இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகிவிடும். திரும்பத் தண்ணீர் ஊற்றினாலும் பழைய இழை வராது. காய்ந்த வஜ்ஜிரப் பசையை ஊறவைப்பது போல் இது இல்லை.

1980களின் தொடக்கத்தில் இது வெளிவந்தபோது மின்செலவுதான் அதை முடக்கியது. டன்னுக்கு 25,000 யூனிட்டுக்கும் மேல் என்ற அளவுகள் பதிவாகியுள்ளன. முன்கூட்டியே நொதியாலோ வேதிமுறையாலோ நாரைத் தளர்த்திவிட்டு அரைத்தால் இது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும் என்பது பின்னால் வந்த முன்னேற்றம். ஒரோனோவில் உள்ள மெய்ன் பல்கலைக்கழகத்தில் நாளுக்கு ஒரு டன் செய்யும் சோதனை ஆலை இருக்கிறது.

ஒரு டன் என்பதைக் கவனியுங்கள். கூழ் ஆலை ஒன்று நாளுக்கு ஆயிரம் டன் செய்யும். காகிதப் பூச்சு, கான்கிரீட் கலவை என்று பயன்கள் உண்டு, லாபமும் வரலாம். ஆனால் காட்டின் மட்ட மரத்தை நானோ செல்லுலோஸ் காலி செய்யும் என்று யாரேனும் சொன்னால் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கூழ் ஆலையின் மடியில் உட்கார்ந்துதான் அது பிழைக்க முடியும். ஜெல்லியைக் குழாய் வழியே பக்கத்து காகித இயந்திரத்துக்கே தள்ளிவிட்டால் காயவைக்கும் தொல்லையும் லாரித் தொல்லையும் சேர்ந்து தீரும்.

அதே பல்கலைக்கழகம் 2022 நவம்பரில் காட்டிய 600 சதுர அடி முப்பரிமாண அச்சு வீடும் இந்த வகைதான். மரத்தூளையும் சோளத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக்கையும் கலந்து அச்சிட்டது. நல்ல ஆராய்ச்சி. மரம் தின்னும் அளவு கொஞ்சம்.

கேள்வி: மரத்திலிருந்து பெட்ரோல், டீசல் எடுக்கலாம் என்று இருபது வருடமாகக் கேள்விப்படுகிறோம். எங்கே?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

பதில்: ஜார்ஜியா மாநிலத்தின் சோபர்ட்டன் ஊரில் ரேஞ்ச் ஃபியூயல்ஸ் என்ற மர எரிபொருள் ஆலை அரசு மானியத்தோடும் கடன் உத்தரவாதத்தோடும் எழுந்து 2011இல் மூடியது, மறு ஆண்டு சுமார் 51 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மிசிசிப்பியில் இதே தொழிலில் இறங்கிய கியோர் நிறுவனத்துக்கு மாநில அரசு 7.5 கோடி டாலர் கடன் தந்தது. 2014இல் திவால்.

இரண்டின் வீழ்ச்சிக்கும் வேதியியல் மட்டும் காரணமில்லை. மரம் திடப்பொருள். எண்ணெய் போலக் குழாயில் ஓடாது. சில்லு தொட்டியில் வளைவு கட்டி நின்றுவிடும். கீழே திருகு சுற்றும், மேலிருந்து ஒன்றும் இறங்காது. உறைபனியில் சில்லு பாறையாகும். பட்டையோடு வரும் மணல் திருகைத் தேய்க்கும். ஆய்வகத்தில் சலித்து உலர்த்திய மரத்தூளில் வந்த விளைச்சல், யார்டிலிருந்து வரும் அழுக்குச் சில்லில் வராது. ஒரு சோதனை ஆலையிலிருந்து நூறு மடங்கு பெரிய ஆலைக்கு ஒரே தாவலில் போவதாக அறிக்கை சொன்னால் அங்கேயே பென்சிலை வைத்துவிடலாம். பத்து மடங்குக்கு மேல் தாவக் கூடாது என்பது அனுபவ விதி. முழு ஆலைக்குப் பணம் போடுவதற்கு முன் ‘இதே மரத்தில், நிறுத்தாமல் எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள்?’ என்று கேளுங்கள். ஆயிரம் மணி நேரம் என்று பதில் வந்தால் பேசலாம்.

கொஞ்சம் அடக்கமான வழி, மரத்தைக் காற்றில்லாமல் 500 டிகிரியில் இரண்டு விநாடிக்குள் ஆவியாக்கிக் குளிரவைத்து எண்ணெய் எடுப்பது. உலர் எடையில் 60 முதல் 70 சதவீதம் திரவமாகக் கிடைக்கும். ஆனால் அதை உங்கள் லாரியில் ஊற்றிவிடாதீர்கள். கால் பங்கு தண்ணீர், புளிப்பு வினிகர் போன்றது, சாதா இரும்பை அரிக்கும், டீசலோடு கலக்காது, வெப்பம் டீசலில் பாதிக்கும் கீழே. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியும் தனி பர்னரும் வைத்தால் பாய்லரில் எரியும். மெய்னின் லூயிஸ்டன் நகரில் உள்ள பேட்ஸ் கல்லூரி இப்படி ஒரு பாய்லரைச் சூடாக்குகிறது, கனடாவிலிருந்து வரும் எண்ணெயில்.

கேள்வி: எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறீர்கள். எதைத்தான் செய்யலாம்?
– வாசகர் பலர்

பதில்: வேண்டாம் என்று சொல்லவில்லை, வரிசை சொல்கிறோம். எங்கள் மதிப்பில் முதல் இடம், ஓடும் ஆலையை மாற்றிக்கொள்வதற்கு. பத்திரிகைக் காகிதத்துக்குத்தான் சந்தை போனது. அட்டைக்கும் டிஷ்யூவுக்கும் போகவில்லை. ஸ்கோஹிகன் அருகிலுள்ள ஆலை 2018இல் ஓர் இயந்திரத்தைப் பொதி அட்டைக்குத் திருப்பியது. பேலிவில் கூழ் ஆலையை ஒட்டி 2016இல் டிஷ்யூ இயந்திரங்கள் வந்தன. இதில் புதுமை என்று மேடையில் பேச ஒன்றுமில்லை. லட்சக்கணக்கான டன் மரத்தைத் தொடர்ந்து வாங்குகிறவை இவைதான்.

இரண்டாவது, மரநார்க் காப்புப் பொருள். குளிர்நாட்டு வீட்டுச் சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சுக்குப் பதிலாக வைப்பது. ஐரோப்பாவில் பல ஆண்டுகளாக நடக்கும் தொழில், தொழில்நுட்ப சந்தேகம் இல்லை. சில்லை நீராவியில் மெதுவாக்கி, தட்டுகளுக்கு இடையே நாராகப் பிரித்து, உலர்த்தி, கனத்த பலகைக்குச் சுமார் 4 சதவீதம் பசையும் கொஞ்சம் மெழுகும் சேர்த்து அழுத்துவார்கள். மெத்தை வகைக்கு உருகும் செயற்கை நாரைக் கலந்து சூட்டடுப்பில் விடுவார்கள். கனமீட்டருக்கு சுமார் 50 கிலோ எடை. அறுவை மில்லின் சில்லையே தின்னும் என்பது இதன் பலம். நார் ஒரே சீராக உலராவிட்டால் பசை சில இடத்தில் முன்கூட்டியே இறுகி, பலகை நடுவில் பிளக்கும். உலர்த்திக் குழாயில் தீப்பொறி கண்டறியும் கருவியும் தண்ணீர்த் தெளிப்பானும் இல்லாமல் ஒரு நாள் கூட ஓட்டக் கூடாது.

மேடிசன் ஊரில் 2016இல் மூடிய காகித ஆலைக் கட்டடத்திலேயே இதற்கான ஆலை வந்தது. 2023இல் முதல் சரக்கு வெளியேறியது. 2025இல் அந்த நிறுவனம் திவால் சட்டத்தின் கீழ்க் கடன் சீரமைப்புக்குப் போனது. தொழில்நுட்பம் தேறியது, மரம் இருந்தது, பொருள் நன்றாக இருந்தது. அப்படியும் இது நேர்ந்தது. புது ஆலை முதல் நாளே முழு வீச்சில் ஓடாது. முதல் ஆண்டு பாதி, இரண்டாம் ஆண்டு முக்கால் என்று வைத்துக் கணக்குப் போட்டு, அந்தக் காலத்துக்கான நடைமுறை மூலதனத்தைக் கடனுக்கு வெளியே ஒதுக்கி வைக்க வேண்டும். திட்ட அறிக்கையில் முதலாண்டே 90 சதவீதம் ஓட்டம் என்று கண்டால் சிவப்பு மையால் அடியுங்கள்.

மூன்றாவது, மரக்குருணை, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்யும் அடுப்பு எரிபொருள். எளிய தொழில், லாபம் மெல்லியது. ஒரு டன் குருணைக்கு இரண்டு டன்னுக்கு மேல் பச்சை மரம், காயவைக்கும் எரிபொருள் சேர்த்து. பட்டை கலந்தால் சாம்பல் கூடி வீட்டு அடுப்புத் தரம் போய்விடும். சேமிப்புக் கிடங்கில் கார்பன் மோனாக்சைடு தேங்கும். மனிதர் உயிர் போயிருக்கிறது. காற்றோட்டமும் அளவு கருவியும் இல்லாமல் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது.

கேள்வி: கூழ் ஆலைக் கழிவிலிருந்து லிக்னின் எடுத்து விற்கலாமா?
– வேதியியல் ஆய்வாளர், காரைக்குடி

பதில்: அது கழிவு இல்லை, ஆலையின் விறகு. லிக்னின் என்பது மர நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பொருள். கூழ் காய்ச்சிய பின் மிஞ்சும் கருஞ்சாற்றில் உள்ள லிக்னினை எரித்துத்தான் ஆலை நீராவியும் மின்சாரமும் எடுக்கிறது, கூழ் காய்ச்சும் ரசாயனத்தையும் மீட்கிறது. அதை வெளியே விற்றால் அதே அளவு வெப்பத்துக்கு வேறு எரிபொருள் வாங்க வேண்டும். ஒரு நிலையில் மட்டும் கட்டுப்படியாகும்: கருஞ்சாற்றை எரிக்கும் மீட்பு பாய்லர் முழுக் கொள்ளளவில் ஓடி, அதனால் கூழ் உற்பத்தியைக் கூட்ட முடியாமல் இருக்கும்போது. கொஞ்சம் லிக்னினை எடுத்துவிட்டால் பாய்லருக்கு இடம் கிடைக்கும், கூழ் கூடும். பின்லாந்தின் சுனிலா ஆலை 2015 முதல் ஆண்டுக்கு 50,000 டன் லிக்னின் எடுக்கும் வசதியோடு ஓடியது. 2023இல் அந்தக் கூழ் ஆலையே மூடப்பட்டது. தாய் ஆலை விழுந்தால் துணைப்பொருள் நிற்காது.

கேள்வி: மூடிய ஆலையின் இடத்தை ஊரே வாங்கிப் புதுத் தொழில் வைக்கலாமா?
– கூட்டுறவுச் சங்க உறுப்பினர், கோபிசெட்டிபாளையம்

பதில்: மில்லினாக்கெட்டில் அப்படித்தான் செய்தார்கள். ஒரு காலத்தில் நாட்டின் பெரிய காகித ஆலைகளில் ஒன்று அங்கே இருந்தது, 2008இல் நின்றது. உள்ளூர்த் தொண்டு அமைப்பு ஒன்று 2017இல் அந்த இடத்தை ஒரே ஒரு டாலருக்கு வாங்கியது. கூடவே 14 லட்சம் டாலர் வரிப் பாக்கியும் வந்தது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பழைய ஆலை விட்டுப்போன நச்சுக்கு யார் பொறுப்பு, ஆற்று நீர் எடுக்கும் அனுமதி நிலத்தோடு வருகிறதா, மூடியதும் காலாவதியா, மின் இணைப்பின் கொள்ளளவு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஊர்ச் சொத்தா, ஆலைச் சொத்தா, ரயில் பாதை இன்னும் தரமாக இருக்கிறதா. மில்லினாக்கெட் ஆலையை ஓட்டியது ஆற்றில் கட்டிய அணைகளின் மலிவு மின்சாரம். அந்த அணைகளும் மின்நிலையங்களும் ஆலை மூடுவதற்கு முன்பே தனியாக விற்கப்பட்டுவிட்டன. ஒரு டாலருக்கு வந்த நிலத்தோடு அந்த மின்சாரம் வரவில்லை.